பழைய வழுக்களும் வழுவமைதியும்

நான் நிரலாளன் அல்லன். மதுரையில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவன். ஆனாலும் ஆறேழு ஆண்டுகளாக, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில், லிப்ரேஓபிஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருள் திட்டத்தின் வழுப் பதிவேட்டில் கிடக்கும் பழைய அறிக்கை ஒன்றை எடுத்து, அதில் சொல்லப்பட்ட கோளாறு இன்றைய பதிப்பிலும் வருகிறதா என்று சோதித்து, கண்டதை அதன் கீழேயே எழுதிவைத்து வருகிறேன். மென்பொருளில் வரும் அத்தகைய கோளாறை, உடன் பழகும் நிரலாளர்கள் எல்லோரும் 'பக்' என்றுதான் சொல்கிறார்கள். எழுதும்போது எனக்கு 'வழு' என்ற சொல்லே பிடித்திருக்கிறது. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

சென்ற ஞாயிறன்று கையிலெடுத்தது 2013-ஆம் ஆண்டில் பதிவான அறிக்கை. எழுதியவர் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருக்க வேண்டும் என்பது அவர் இணைத்திருந்த பயிற்சித்தாளைப் பார்த்தபோது தெரிந்தது. பிள்ளைகளுக்கு உயிர்மெய் எழுத்துகளைப் பழக்குவதற்காக, மெய்யைக் கறுப்பிலும் உயிர்க்குறியைச் சிவப்பிலும் காட்டும் தாள் ஒன்றை அவர் வேறொரு மென்பொருளில் செய்திருக்கிறார். அதை லிப்ரேஓபிஸில் திறந்தால், 'கொ' என்ற எழுத்தின் கொம்பும் காலும் ககரத்தை விட்டுப் பிரிந்து, ஒரு புள்ளி வட்டத்தின் இருபுறமும் போய் நின்றுவிடுகின்றன. அதே ஆண்டில் இன்னொருவர் தமக்கும் அப்படியே வருவதாக உறுதிசெய்திருக்கிறார். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் மனிதர் யாரும் எழுதவில்லை. எழுதப்பட்டவை எல்லாம் நினைவூட்டுக் குறிப்புகள்தாம்.

அந்த நினைவூட்டுக் குறிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய அறிக்கைகளைக் கையாள்வதில் நான் பார்த்த ஏற்பாடுகளுள் யோசித்துச் செய்யப்பட்ட ஒன்று அது. உறுதிசெய்யப்பட்ட பிறகும் ஓராண்டுக்கு மேல் யாரும் தொடாமல் கிடக்கும் அறிக்கைகளில், 'இன்றைக்கு உள்ள பதிப்பில் ஒருமுறை சோதித்துச் சொல்லுங்கள்' என்று தரச்சோதனைக் குழுவின் பெயரில் அது இடப்படுகிறது. கோளாறு இன்னும் இருந்தால், எந்தப் பதிப்பில், எந்த இயங்குதளத்தில் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள் என்றும், இல்லையென்றால் 'எனக்குச் சரியாக ஓடுகிறது' என்ற நிலைக்கு மாற்றுங்கள் என்றும் அது கேட்கிறது. பதில் வராவிட்டால் மூடிவிடுவோம் என்று அது சொல்வதில்லை. ஆனால் சில காரியங்களைச் செய்யவே கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அவற்றுள் ஒன்று, அறிக்கையிலுள்ள பதிப்பு எண்ணைப் புதிய எண்ணாகத் திருத்தக் கூடாது என்பது. மற்றொன்று, 'தீர்ந்தது' என்ற நிலையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது.

தொடக்கத்தில் இந்த இரண்டு தடைகளும் எனக்கு அலுவலகக் கெடுபிடி போலத் தோன்றின. இரண்டுக்கும் நல்ல காரணம் உண்டு என்பது பின்னர்தான் புரிந்தது. பதிப்பு எண்ணுக்கான கட்டம், நாம் கடைசியாகச் சோதித்த பதிப்பைக் குறிப்பதற்கானது அன்று; கோளாறு தென்பட்ட மிகப் பழைய பதிப்பைக் குறிப்பதற்கானது. நல்லெண்ணத்தோடு அதைப் புதுப்பிக்கும் ஒருவர், கோளாறு எப்போது நுழைந்தது என்பதற்கு இருந்த ஒரே தடயத்தை அழித்துவிடுகிறார். 'தீர்ந்தது' என்ற நிலையோ, எந்தத் திருத்தத்தால் தீர்ந்தது என்று காட்டக்கூடிய இடத்தில் மட்டுமே இடத்தக்கது. வவுச்சர் இல்லாத பற்றை நாங்கள் பேரேட்டில் ஏற்றுவதில்லை. அதைப் போலத்தான் இதுவும்.

நேர்மாறான அனுபவம் ஒன்றும் எனக்கு உண்டு. பெயர் வேண்டாம், சிறிய கட்டற்ற மென்பொருள் ஒன்று. வங்கிக் கூற்றுக் கோப்புகளைப் படித்து அட்டவணையாக்கித் தரும். தேதியில் நாளும் மாதமும் இடம் மாறிவிடுகின்ற ஒரு வழுவை, மாதிரிக் கோப்போடும் படிப்படியான விளக்கத்தோடும் அதன் பதிவேட்டில் எழுதினேன். இரண்டு ஆண்டுகள் யாரும் ஒரு சொல் எழுதவில்லை. பிறகு ஒரு தானியங்கி வந்து, இந்த அறிக்கையில் அறுபது நாளாக அசைவு இல்லை, ஏழு நாளில் மூடப்படும், உங்கள் பங்களிப்புக்கு நன்றி என்று எழுதியது. அந்த வாரம் அக்கா மகளின் கல்யாணம். கணினிப் பக்கமே நான் போகவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது அறிக்கை மூடப்பட்டு, பதில் எழுத முடியாதபடி பூட்டவும் பட்டிருந்தது. வழு அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு அதே வழுவை வேறிருவர் புதிய எண்களில் பதிவுசெய்ததைப் பார்த்தேன். இருவருமே என் மாதிரிக் கோப்பைப் பார்த்திருக்க வழியில்லை, ஏனென்றால் மூடிய அறிக்கைகளை அந்தத் தளத்தின் தேடல் முதலில் காட்டுவதில்லை.

அறுபது நாள், ஏழு நாள் என்பவை யாரோ உட்கார்ந்து கணக்கிட்டு முடிவுசெய்தவை அல்ல. நிரல்களை வைத்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பரவலாகப் பயன்படும் அந்தத் தானியங்கியின் இயல்பான அமைப்பே அதுதான். மாற்றாமல் விட்டால் அப்படித்தான் ஓடும். பல சர்வர்களில் செயலிகளை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் திட்டத்தில் இதுவே மூன்று படிகளாக நடக்கிறது: 90 நாள் அசைவில்லாவிட்டால் 'பழசு', மேலும் 30 நாளில் 'அழுகியது', இன்னும் 30 நாளில் மூடல். அழுகியது என்று பெயர் வைத்தவரின் நகைச்சுவையை நான் ரசிக்கிறேன், ஆனால் மாதிரிக் கோப்போடு எழுதப்பட்ட ஓர் அறிக்கை எப்படி அழுகும் என்று எனக்கு விளங்கவில்லை. அங்கே 'உறைநிலை' என்ற அடையாளத்தை இட்டுவிட்டால் தானியங்கி அந்த அறிக்கையைத் தொடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் தொழிலில் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு. 2012 ஏப்ரல் 1 முதல், இந்தியாவில் காசோலையின் ஆயுள் ஆறு மாதத்திலிருந்து மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. அதற்குள் வங்கியில் போடாவிட்டால் காசோலை காலாவதியாகிவிடும். ஆனால் வங்கிச் சரிக்கட்டுப் பட்டியலில் அப்படியொரு காசோலை தட்டுப்பட்டால், 'மூன்று மாதமாக யாரும் கேட்கவில்லை, எனவே கடன் தீர்ந்தது' என்று எழுதும் கணக்கரை நான் ஒருநாளும் மன்னிக்க மாட்டேன். காலாவதியானது தாள்தான்; கொடுக்க வேண்டிய பணம் மீண்டும் கொடுபடவேண்டியவை பக்கத்துக்குத்தான் போகும். வழு அறிக்கையில் அசைவு நின்றுவிட்டது என்பதற்கும், மென்பொருளில் வழு நின்றுவிட்டது என்பதற்கும் இடையே உள்ள தூரமும் அவ்வளவுதான்.

எனினும் எல்லாக் கெடுவையும் ஒரே தட்டில் வைத்துக் குறைசொல்வது நியாயமாகாது. கெடு யாருடைய மௌனத்தின் மேல் ஓடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். லினக்ஸ் கணினிகளுக்கான திரைச்சூழலை உருவாக்கும் கேடீஇ திட்டத்தில், அறிக்கை எழுதியவரிடம் கூடுதல் விவரம் கேட்டு 'தகவல் தேவை' என்ற நிலையில் வைத்த பிறகு 15 நாள் பதில் இல்லையென்றால் ஒரு நினைவூட்டல் வருகிறது. மேலும் 15 நாள் ஆனால் அறிக்கை மூடப்படுகிறது. உபுண்டு லினக்ஸின் வழுக்கள் பதிவாகும் லாஞ்ச்பேட் தளத்தில் 'முழுமையற்றது' என்று குறிக்கப்பட்டவை 60 நாளில் காலாவதியாகின்றன. லிப்ரேஓபிஸில் இதற்கு ஆறு மாதம் பொறுக்கிறார்கள். இவை எல்லாவற்றிலும் ஒரு மனிதர் அறிக்கையைப் படித்து, ஒரு கேள்வி கேட்டு, விடைக்காகக் காத்திருந்திருக்கிறார். நாட்கள் குறைவா, கூடுதலா என்று வாதிடலாம். முப்பது நாள் எனக்குக் குறைவாகவே படுகிறது. ஆனால் கேள்வி கேட்கப்பட்டது என்பதை மறுக்க முடியாது. என் தேதி வழுவுக்கு நேர்ந்தது வேறு. அங்கே மௌனமாக இருந்தவர்கள் திட்டத்தார். அவர்களுடைய மௌனத்துக்கான கெடு என் பெயரில் ஓடியது.

ஃபெடோரா என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் நடப்பது மூன்றாவது வகை. ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 13 மாத ஆதரவு என்பது அங்கே வழக்கம். ஒரு வெளியீட்டின் ஆதரவு முடியும்போது, அதன் பெயரில் திறந்திருக்கும் அறிக்கைகள் எல்லாம் 'ஆயுள் முடிந்தது' என்ற காரணத்தோடு மூடப்படுகின்றன. முன்கூட்டியே அறிவிப்பு வருகிறது. புதிய வெளியீட்டிலும் கோளாறு இருந்தால் பதிப்பு எண்ணை மாற்றிவிடுங்கள், அறிக்கை உயிரோடிருக்கும் என்கிறார்கள். சலிப்பூட்டும் வேலைதான், ஆண்டுக்கொரு முறை ஆயுள் சான்றிதழ் கொடுக்கப் போகும் ஓய்வூதியர் போல. ஆனாலும் சொல்லப்படும் காரணம் பொய் அன்று; அந்தப் பதிப்புக்கு இனி யாரும் திருத்தம் வெளியிடப்போவதில்லை என்பது உண்மை.

2003-இல் ஜேமி ஜாவின்ஸ்கி, நெட்ஸ்கேப் உலாவி நிறுவனத்தில் முன்பு பணியாற்றியவர், லினக்ஸுக்கான இன்னொரு திரைச்சூழலான க்னோம் திட்டத்தின் மேல் வைத்த கடுமையான குற்றச்சாட்டு இதையொட்டியதுதான். பழைய நிரலைத் தூக்கிப்போட்டுப் புதிதாக எழுதுகிறார்கள், எழுதியதும் பழைய அறிக்கைகளை, வழு தீர்ந்ததா என்று பார்க்காமலே, மொத்தமாக மூடுகிறார்கள், ஓராண்டு கழித்து அதே வழுக்கள் புதிய எண்களில் வருகின்றன என்பது அவர் வாதம். அவர் பயன்படுத்திய ஏளனம் எனக்கு உவப்பானதன்று. சம்பளமில்லாமல் வேலை செய்பவர்களை அப்படிப் பேசுவது எளிது. ஆனால் அவர் விவரித்த சுழற்சி உண்மையானது, இன்றும் நடப்பது.

பராமரிப்பவர்களின் பக்கத்தையும் நான் பார்த்திருக்கிறேன். பதிவேட்டில் ஆயிரக்கணக்கில் அறிக்கைகள் திறந்திருக்கும். படிப்பவர் இரண்டு பேர் இருப்பார்கள். அவர்களுக்கும் பகல் வேலை இருக்கும். ஒவ்வொரு அறிக்கைக்கும் பத்து நிமிடம் என்று வைத்தாலும் மூவாயிரம் அறிக்கைக்கு ஐந்நூறு மணி நேரம். அதைச் செய்து முடித்தால் ஒரு வரி நிரல்கூட எழுதியிருக்க மாட்டார்கள். திறந்த அறிக்கைகளின் எண்ணிக்கையைப் பார்க்கும்போதே மனம் தளர்ந்து பதிவேட்டுப் பக்கமே வராமற்போனவர்களும் உண்டு. ஆகவே மூடுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஏன் மூடுகிறோம் என்று சொல்லாமல் மூடுவதைத்தான் குறை சொல்கிறேன்.

இங்கேதான் 'வழு' என்ற சொல் உதவுகிறது. பள்ளியில் படித்த இலக்கணத்தில் வழாநிலை, வழு, வழுவமைதி என்று மூன்று உண்டு. பிழையின்றிச் சொல்வது வழாநிலை. பிழைபடச் சொல்வது வழு. பிழைதான் என்றாலும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பது திணைவழு. ஆனால் உவப்பினால் சொன்னது என்பதால் அமையும். கவனிக்க வேண்டியது, வழுவமைதி என்று சொல்வதற்குக் காரணத்தைக் காட்டியாக வேண்டும் என்பது. உவப்பா, உயர்வா, சிறப்பா என்று ஒன்றைச் சொல்லாமல் 'அமையும்' என்று விட்டுவிட இலக்கணம் இடம் தருவதில்லை. பதிவேடுகளில் 'சரிசெய்ய மாட்டோம்' என்று ஒரு நிலை இருக்கிறதே, அதன் சரியான தமிழ் வழுவமைதிதான் என்று எனக்குத் தோன்றும். இதைத் திருத்தினால் பழைய கோப்புகள் திறக்காமற்போகும், அல்லது இந்தப் பகுதியையே அடுத்த ஆண்டு நீக்கப்போகிறோம், அல்லது இதற்கு எங்களிடம் ஆளில்லை என்று ஒரு வரி எழுதி மூடினால், அறிக்கை எழுதியவர் கோபப்படலாம். ஆனால் அவருக்கு ஒரு விடை கிடைத்திருக்கும். மாற்று மென்பொருளைத் தேடவோ, தாமே திருத்தவோ, விட்டுவிடவோ அதன்பின் அவர் முடிவெடுக்கலாம்.

இணையவழித் தரவுப் பரிமாற்றக் கருவியான கர்ல் திட்டத்தில் இதை நடைமுறையாகவே வைத்திருக்கிறார்கள். வழு உண்மையானது, ஆனால் இப்போதைக்கு யாரும் அதில் வேலை செய்யப்போவதில்லை என்றால், அதை 'அறிந்த வழுக்கள்' என்ற ஆவணத்தில் சேர்த்துவிட்டு அறிக்கையை மூடுகிறார்கள். அந்த ஆவணம் மென்பொருளின் மூலநிரலோடு சேர்ந்தே வருகிறது. பதிவேடு குறுகியதாக இருக்கிறது, வழுவும் மறைக்கப்படவில்லை. எங்கள் மொழியில் சொன்னால், இருப்புநிலைக் குறிப்பின் அடியில் போடும் விளக்கக் குறிப்பு அது. படிப்பவர் குறைவாக இருக்கலாம். எழுதப்பட்டிருக்கிறது என்பது முக்கியம்.

டெக் அச்சுக்கோப்பு மென்பொருளுக்கு அதை உருவாக்கிய டொனால்ட் கனூத் வைத்திருக்கும் முறை இன்னும் விசித்திரமானது. வந்து சேரும் வழு அறிக்கைகளைத் தன்னார்வலர்கள் முதலில் சலித்துத் திரட்டி வைக்கிறார்கள். அவர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாக உட்கார்ந்து பார்க்கிறார். 2008, 2014, 2021 என்று இடைவெளி ஒவ்வொரு முறையும் ஓராண்டு நீண்டுகொண்டே போகிறது, அடுத்தது 2029. எட்டு ஆண்டு காத்திருப்பது என்பது எந்தப் பதிவேட்டின் அளவிலும் நெடுங்காலம்தான். ஆனாலும் அதைப் புறக்கணிப்பு என்று யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் எந்த ஆண்டில் பார்க்கப்படும் என்பது முன்னமே தெரிகிறது. எல்லாத் திட்டங்களும் இப்படிச் செய்ய முடியாது. உறைந்துபோன மென்பொருளுக்கே இது பொருந்தும்.

இனி, பழைய அறிக்கையைக் கையிலெடுப்பவர் உண்மையில் என்ன செய்கிறார் என்பதற்கு வருகிறேன். இந்த வேலைக்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை என்பதைப் பலர் நம்புவதில்லை.

முதலில் படிப்பது. அறிக்கையை மட்டுமன்றிக் கீழே உள்ள எல்லாவற்றையும் படிக்க வேண்டும், அதுவும் ஒரு தணிக்கையாளனின் சந்தேகத்தோடு. பத்தாண்டு வயதான அறிக்கையில் பெரும்பாலும் இரண்டு மூன்று வழுக்கள் கலந்திருக்கும். ஒருவர் அச்சிடும்போது வருவதைச் சொல்லியிருப்பார். 'எனக்கும் இதேதான்' என்று வந்தவர் திரையில் வருவதைச் சொல்லியிருப்பார். மூன்றாமவர் வேறு மென்பொருளைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். முதலில் எழுதியவர் எதை எதிர்பார்த்தார், என்ன நடந்தது என்ற இரண்டை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்வேன். மற்றவை தனி அறிக்கைகளாகப் போக வேண்டியவை.

அடுத்தது கோப்பு. பதிவேட்டிலேயே இணைக்கப்பட்ட கோப்புகள் பத்தாண்டு கழிந்தும் அங்கேயே இருக்கின்றன. வேறு தளத்தில் ஏற்றிவிட்டு இணைப்பு மட்டும் கொடுத்தவர்களின் கோப்புகளில் பாதிக்கு மேல் இன்று கிடைப்பதில்லை. இது என் அனுபவக் கணக்கு மட்டுமே; ஆனால் புதிதாக அறிக்கை எழுதும் யாருக்கும் நான் முதலில் சொல்வது, கோப்பை அங்கேயே இணைத்துவிடுங்கள் என்பதுதான்.

பிறகு இன்றைய பதிப்பில் சோதிப்பது. லிப்ரேஓபிஸில் 'பாதுகாப்பான பயன்முறை' என்று ஒன்று 5.3 பதிப்பிலிருந்து இருக்கிறது. நம் தனிப்பட்ட அமைப்புகள், நீட்சிகள் எதுவும் குறுக்கிடாமல் மென்பொருளைத் திறக்கும். எனக்கு வராத வழு உங்களுக்கு வருகிறது என்ற வாக்குவாதங்களில் ஒரு கணிசமான பங்கு இங்கேயே முடிந்துவிடும்.

அதன் பிறகு வருவதுதான் பெரும்பாலோர் விட்டுவிடும் படி. புதிய பதிப்பில் வழு வரவில்லை என்று கண்டால், உடனே 'சரியாக ஓடுகிறது' என்று எழுதிவிடக் கூடாது. பழைய பதிப்பை நிறுவி, அதே படிகளை அதே வரிசையில் செய்து, வழு வருவதை என் கண்ணால் பார்க்க வேண்டும். அங்கே வந்து இங்கே வராவிட்டால்தான் போய்விட்டது என்று சொல்லும் தகுதி எனக்கு உண்டு. அங்கேயும் வராவிட்டால், நான் படிகளைத் தவறாகச் செய்கிறேன் என்றே பொருள். வழுவைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. தொடக்க நாட்களில் இதைச் செய்யாமல் நான் மூடிய அறிக்கைகள் நான்கைந்து மறுபடி திறக்கப்பட்டன. ஒருவர் பொறுமையாக, 'நீங்கள் பட்டியலில் இரண்டாவது பத்தியில் சொடுக்கினீர்களா?' என்று கேட்டிருந்தார். நான் சொடுக்கவில்லை. நல்லவேளையாக லிப்ரேஓபிஸின் பழைய பதிப்புகள் அனைத்தும், 2011 ஜனவரியில் வந்த 3.3 வரை, பதிவிறக்கக் காப்பகத்தில் இருக்கின்றன. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்திலும் பழைய தொகுப்புகளைத் தேதிவாரியாக எடுத்துத் தரும் காப்பகம் உண்டு. இப்படிப் பழைய பதிப்புகளைப் பாதுகாக்காத திட்டங்களில் பழைய அறிக்கைகளைச் சோதிப்பது ஏறக்குறைய ஊகம்தான்.

3.3 பதிப்பிலேயே வழு இருந்தால், அது லிப்ரேஓபிஸ் கிளைத்துவந்த மூல மென்பொருளான ஓபன்ஆபிஸிலிருந்து வந்த பூர்வீகச் சொத்து என்று குறிக்க ஒரு தனித் தெரிவே இருக்கிறது. 2010-இல் பிரிந்தபோது நிரலோடு வழுக்களும் பாகம் பிரிந்து வந்தன அல்லவா? 3.3-இல் இல்லாமல் பின்னால் வந்திருந்தால், அது பின்னடைவு. ஒரு காலத்தில் ஓடியது, யாரோ செய்த ஒரு மாற்றத்தால் கெட்டது. எந்த மாற்றம் என்று கண்டுபிடிக்க அவர்கள் வைத்திருக்கும் கருவியைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு வரும். மூலநிரலைத் தொகுத்து இயங்கும் மென்பொருளாக்கத் தெரியாதவர்களும் பயன்படுத்தும்படி, ஏற்கெனவே தொகுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான இடைப்பட்ட பதிப்புகளை பதிப்புகளை வரிசையாகக் காக்கும் ஒரு கிட் களஞ்சியத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நடுவிலுள்ள ஒன்றைத் திறந்து பார்க்க வேண்டும்; வழு இருந்தால் முன்பாதி, இல்லாவிட்டால் பின்பாதி; மறுபடியும் அதன் நடு. பதினாறாயிரம் மாற்றங்களுக்கு நடுவே குற்றவாளியைப் பிடிக்கப் பதினான்கு முறை திறந்து மூடினால் போதும். அகராதியில் சொல் தேடுவது போலத்தான். பதிவிறக்கம் மட்டும் பல ஜிகாபைட் ஆகும். மழைநாளில் எங்கள் தெரு இணைய இணைப்பு அதற்குத் தோதானதன்று.

இப்படிப் பிடித்து எழுதிவிட்டால் அறிக்கையின் தன்மையே மாறிவிடுகிறது. 'சில நேரம் எழுத்து சிதைகிறது' என்ற புகார், 'இந்த நாளில், இந்த மாற்றத்தால், இந்த நிலையில் சிதைகிறது' என்றாகிவிடும். அந்த மாற்றத்தை எழுதிய நிரலாளரைப் பெயர் சொல்லி அழைக்க முடியும். ஆண்டுக்கணக்கில் கிடந்த அறிக்கை அதன்பின் ஒரே வாரத்தில் தீர்ந்ததை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். தீராமல் கிடந்ததையும் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எதிர்த்திசையிலும் இதே கருவி உதவும்: எப்போது சரியானது என்று தேடலாம். தமிழ் உள்ளிட்ட சிக்கலான எழுத்துமுறைகள் பற்றிய பழைய அறிக்கைகளில் இது அடிக்கடி 5.3 பதிப்பில் போய் நிற்கும். அதற்கு முன்னால் எழுத்துகளைக் கோத்து வரையும் வேலையை விண்டோஸில் ஒரு பொறியும், மேக்கில் வேறொன்றும், லினக்ஸில் மற்றொன்றும் செய்துவந்தன. 2017-இல் வந்த 5.3 பதிப்பு எல்லாத் தளங்களுக்கும் ஹார்ஃப்பஸ் என்ற ஒரே பொறியைக் கொண்டுவந்தது. 'விண்டோஸில் மட்டும் கொம்பு இடம் மாறுகிறது' என்ற வகை அறிக்கைகளில் பல, யாரும் அவற்றைப் படிக்காமலே, அந்த ஒரு மாற்றத்தில் தீர்ந்துபோயின. ஆனால் அறிக்கைகள் திறந்தே கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து மூட யாராவது வேண்டியிருந்தது. நான் இந்த வேலைக்குள் வந்ததே அப்படித்தான். மொத்தமாக மூடியிருக்கலாமே என்று கேட்கலாம். மூடியிருந்தால், அவற்றின் நடுவே ஹார்ஃப்பஸுக்குத் தொடர்பே இல்லாமல், கோப்பைப் படிக்கும் கட்டத்திலேயே எழுத்தைத் துண்டாக்கிய சில வழுக்களும் சேர்ந்து போயிருக்கும். ஆசிரியரின் சிவப்பு உயிர்க்குறியும் அவற்றுள் ஒன்றாக இருந்திருக்கும்.

மிகப் பழைய அறிக்கைகளைத் திறந்து வைத்திருப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் உண்டு. ஃபயர்ஃபாக்ஸில் வேறு செயலிக்கு மாறிய பின்னும் உதவிக்குறிப்புப் பெட்டி திரையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் வழு 2002-இல் பதிவானது, 2023-இல் தீர்ந்தது. க்னோமின் கோப்புத் தேர்வுச் சாளரத்தில் படங்களைச் சிறுபடங்களாகக் காட்ட வேண்டும் என்ற கோரிக்கை 2004-இல் எழுந்தது. 2023-இல் வந்த க்னோம் 44-இல் நிறைவேறியது. இரண்டாவதில் எனக்குக் கூடுதல் அக்கறை, ஏனென்றால் சோம்பலால் மட்டும் அது தாமதமாகவில்லை. பெரிய கோப்புறையிலுள்ள ஆயிரக்கணக்கான படங்களைக் கட்டங்களாக அடுக்கிக் காட்டும் உறுப்பு ஒன்று க்னோம் சாளரங்களை வரையும் ஜிடிகே நிரலகத்தின் நான்காம் பதிப்பில் அமைந்த பிறகே அது ஒழுங்காகச் சாத்தியமாயிற்று. அடித்தளம் வரும்வரை அறிக்கை காத்திருந்தது. மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில், ஓர் அட்டவணையில் செய்த மாற்றம் அதனோடு பிணைந்த அட்டவணைக்குத் தானாகப் பரவும்போது, அங்கே தானாக ஓட வேண்டிய கட்டளைகள் ஓடுவதில்லை என்று 2005 ஜூனில் பதிவான அறிக்கைக்கு ஆண்டுதோறும் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். படிக்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அந்த வாழ்த்துகளுக்கு நடுவே பயனுள்ள குறிப்பைத் தேடுபவரின் பாடு திண்டாட்டம். வாழ்த்துச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சோதித்துப் பார்த்த பதிப்பு எண்ணைச் சொல்லுங்கள்.

ஆசிரியரின் அறிக்கைக்குத் திரும்புகிறேன். 2013-ஆம் ஆண்டின் பதிப்பில் அவர் சொன்னது அச்சு அசலாக வந்தது: புள்ளி வட்டம், இருபுறமும் சிவப்புக் குறிகள். இன்றைய பதிப்பில் வட்டம் இல்லை. 'கொ' ஒழுங்காக, முழு எழுத்தாக வருகிறது. ஆனால் முழுவதும் ஒரே கறுப்பு. எழுத்து சிதைகிறது என்ற புகார் தீர்ந்துவிட்டது. குறியைச் சிவப்பில் காட்ட வேண்டும் என்ற தேவை தீரவில்லை. தலைப்பில் அவர் எழுதியிருந்தது சிதைவைப் பற்றி மட்டுமே என்பதால் மூடிவிடலாமா என்று அரை மணி நேரம் யோசித்தேன். ஒரு வகுப்பறையில் நின்று பார்த்தால், அந்தத் தாள் இன்றும் பயன்படாது. ஆகவே மூடவில்லை. இரண்டு திரைப்பிடிப்புகளை இணைத்து, எது சரியாயிற்று, எது இல்லை என்று ஆறு வரி எழுதி, நிறத்துக்கு மட்டும் தனி அறிக்கை தொடங்கலாமா என்று தரச்சோதனைக் குழுவைக் கேட்டிருக்கிறேன். பதிப்பு எண்ணைத் தொடவில்லை.

அடுத்து என் பட்டியலில் இருப்பது தபால் உறையில் முகவரி அச்சிடும்போது தாள் தலைகீழாகிவிடுகிறது என்ற இன்னொரு பழைய அறிக்கை. என்னிடம் அச்சுப்பொறி இல்லை. தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரரிடம் கேட்டிருக்கிறேன். திங்கட்கிழமை இரவு எட்டு மணிக்கு மேல், கூட்டம் குறைந்த பிறகு, உறையை நீங்களே வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்.